சங்கற்பம்: துணிபா, எண்ணமா?

யோக வகுப்பில் கண்ணை மூடியதும் "ஒரு சங்கல்பம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பகவத் கீதையின் 6-ஆம் அத்தியாயம், 2-ஆம் சுலோகமோ சங்கற்பத்தைத் துறக்காத எவனும் யோகி ஆவதில்லை என்கிறது. எடுப்பதா, விடுவதா? இந்தக் குழப்பம் எனக்கும் நெடுநாள் இருந்தது. சொல்லைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெளிந்தது.

வடமொழியில் 'சம்' என்றால் ஒருங்கே, நன்கு. 'க்லுப்' என்ற வேருக்கு அமைத்தல், உருவாக்கல் என்று பொருள். மனம் ஒன்றைத் திரட்டி உருவாக்கிக்கொள்வது சங்கல்பம்; தமிழ் எழுத்து மரபில் சங்கற்பம். கற்பனை, விகற்பம் இரண்டும் அதே வேரில் பிறந்தவை. (ஆசிரியர் கற்பிப்பது வேறு, அது 'கல்' என்னும் நம் வினை.) பூசைத் தொடக்கத்தில் காலம், இடம், பெயர், பயன் சொல்லிச் செய்வதற்கும் இதே பெயர்தான்.

யோக வகுப்புச் சங்கற்பத்தைத் தமிழில் பலரும் 'நோக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோக்கு என்பது பார்வை. நோக்கம் எதிரே உள்ள பயனைப் பார்க்கிறது. "நன்றாகத் தூக்கம் வர வேண்டும்" என்பது நோக்கம். யோக நித்திரையில் உடல் தளர்ந்து மனம் விழித்திருக்கும்போது, "நான் அமைதியாக இருக்கிறேன்" என்பதுபோல ஒரு சிறு வாக்கியத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளுக்குள் சொல்கிறோமே, அதுதான் சங்கற்பம். 'உறுதிமொழி'யும் பொருந்தாது, அது பிறர் கேட்கச் சொல்வது.

நான் பரிந்துரைப்பது 'உளத்துணிபு'. துணித்தல் என்றால் வெட்டுதல். மற்ற வழிகளை வெட்டிவிட்டு ஒன்றில் நிற்பது துணிபு. "எண்ணித் துணிக கருமம்" என்ற குறளில் எண்ணம் முதலில் வருகிறது, துணிவு அப்புறம். இரண்டும் ஒன்றல்ல என்பது அங்கேயே தெரிகிறது.

சரி, கீதை விடச் சொல்வது எதை? பயனைப் பற்றிக்கொண்டு எழும் எண்ணத்தை. அதே அத்தியாயத்தின் 24-ஆம் சுலோகம் ஆசைகளைச் சங்கற்பத்தில் பிறந்தவை என்றே சொல்கிறது. ஆக, அங்கே 'எண்ணம்' அல்லது 'எண்ண எழுச்சி' என்று எழுதுவதே சரி. 'நான் யார்?' என்று தன்னையே கேட்டு உள்ளே திரும்பும் ஆன்ம விசாரணையிலும் இதே பொருள்தான். ரமண மகரிஷியின் 'நான் யார்?' நூலில் சூரியன் இச்சை, சங்கல்பம், யத்தனம் இல்லாமல் எழுவதாக வருகிறது. அதன் சன்னிதியில் தாமரை தானே மலர்கிறது.

விசாரணைக்கு உட்கார்ந்து "இன்றே விடை தெரிய வேண்டும்" என்று கோரினால், அந்தக் கோரிக்கையும் இன்னோர் எண்ணமே. அது யாருக்கு எழுந்தது என்று கேட்டு உள்ளே திரும்ப வேண்டும். ஆனால் உளத்துணிபு இல்லாமல் யாரும் உட்காரவே மாட்டார்கள். அந்தத் துணிபும் கடைசியில் என்ன ஆகும்? "நான் யார்" என்னும் நினைவு மற்ற நினைவுகளை எல்லாம் அழித்துவிட்டு, பிணம் சுடும் தடிபோல் முடிவில் தானும் அழியும் என்கிறது அதே நூல்.