சேலஞ்ச்: தொற்றூட்டல்

எய்ட்ஸ் தடுப்பூசி பற்றிய செய்திகளில் "குரங்குகளுக்கு வைரஸால் சவால் விடப்பட்டது" என்ற மாதிரி ஒரு வரி எட்டிப் பார்க்கும். ஏதோ குஸ்திக்கு அழைத்த மாதிரி இருக்கும். மூலத்தில் இருக்கும் சொல் 'சேலஞ்ச்'. தடுப்பூசி போட்ட விலங்குக்குள் வைரஸை வேண்டுமென்றே செலுத்தி, ஊசி காப்பாற்றுகிறதா என்று பார்ப்பதற்கு ஆய்வுக்கூடங்களில் வழங்கும் பெயர் அது.

லத்தீனில் 'கலும்னியா' என்றால் பொய்க் குற்றச்சாட்டு. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், குற்றம் சாட்டுதல், மறுத்துக் கேட்டல் என்றாகி, பிறகு சண்டைக்கு அழைப்பதாயிற்று. நாம் எழுதும் 'சவால்' வேறு வழியில் வந்தது. அரபியிலும் உருதுவிலும் அதற்குக் கேள்வி என்று பொருள். தமிழுக்கு வந்தபின் கேள்வி போய் வீம்பு மட்டும் தங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வீம்புக்கு என்ன வேலை?

மலேரியா, காலரா தடுப்பூசிகளுக்கு இந்தச் சோதனையை மனிதத் தன்னார்வலர்களிடமே செய்வதுண்டு. தொற்று வந்தால் மருந்து கொடுத்துச் சரிசெய்துவிடலாம். எச்.ஐ.வி.யோ ரெட்ரோவைரஸ் என்ற ரகம். தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிக்கொள்ளும். மருந்து அடக்கி வைக்குமே தவிர வெளியே துரத்தாது. அதனால்தான் செம்முகக் குரங்குகள். அவற்றிடமும் ஒரு சிக்கல்: எச்.ஐ.வி.யின் பரவலான வகையான எச்.ஐ.வி.-1 அவற்றின் செல்லில் வளராது. 'டிரிம்5 ஆல்ஃபா' என்ற புரதம் அதை முடக்குகிறது என்று 2004இல் கண்டார்கள். ஆகவே குரங்கினத்து வைரஸான எஸ்.ஐ.வி.யைப் பயன்படுத்துகிறார்கள். இல்லையென்றால் எஸ்.ஐ.வி. உடம்புக்கு எச்.ஐ.வி.யின் மேலுறையை மாட்டிய 'ஷிவ்' என்ற கலப்பு வைரஸ்.

முன்பெல்லாம் பெரிய அளவை ஒரே தடவையில் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். இப்போது சிறு அளவை வாரம் ஒருமுறை மலக்குடல் அல்லது பிறப்புறுப்பின் சவ்வில் விடுவது வழக்கம். மனிதருக்கு உடலுறவில் தொற்றும் விதத்துக்கு இது நெருக்கம். எத்தனையாவது தடவையில் தொற்றுகிறது, அப்புறம் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கெடுப்பார்கள்.

எந்த வைரஸை, எதில் வளர்த்து ஏற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1991இல் பிரிட்டனில் ஜேம்ஸ் ஸ்டாட் குழு ஒரு வேடிக்கையைக் கண்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, தடுப்பூசிக்குப் பதில் வைரஸே இல்லாத வெறும் மனித செல்களைப் பெற்றிருந்த குரங்குகளில் சிலவும் தப்பித்துக்கொண்டன! ஏற்றிய வைரஸ் மனித செல்லில் வளர்க்கப்பட்டது. அதன் மேல் ஒட்டியிருந்த மனிதப் புரதங்களைத்தான் குரங்கின் உடல் தாக்கியிருந்தது. அதுவரை கிடைத்த நல்ல முடிவுகள் பலவும் சந்தேகத்துக்கு உள்ளாயின. இன்னொரு பாடம் இன்னும் விலை கூடியது. ஷிவ்-89.6பி என்ற வைரஸிடம் அடினோவைரஸ் என்ற சளி வைரஸை வாகனமாக வைத்துச் செய்த ஒரு தடுப்பூசி நன்றாகவே வேலை செய்தது. அதே வழியில் அமைந்த ஊசியை மனிதரிடம் சோதித்த 'ஸ்டெப்' ஆய்வோ பலனில்லை என்று 2007இல் நிறுத்தப்பட்டது. குரங்குகளுக்கு ஏற்றிய ஷிவ்-89.6பி எளிதில் அடங்கிவிடுகிற ரகம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'அறைகூவல்' நல்ல சொல்தான், ஆனால் அதுவும் போர்க்களத்துக்கே போகிறது. 'நோயூட்டல்' கொஞ்சம் தள்ளிப்போகிறது. இங்கே ஏற்படுத்திப் பார்ப்பது தொற்றை, நோய் பிறகுதான். என் ஓட்டு 'தொற்றூட்டல்' என்பதற்கு. ஊட்டல் என்றதும் சோறு ஊட்டுவது நினைவுக்கு வரலாம். நிறமூட்டல், மின்னூட்டம் எல்லாம் பழகிவிட்டதால் இடிக்காது. வினையாக எழுதும்போது 'தொற்றூட்டிப் பார்த்தார்கள்' என்றால் சோதனை என்ற பொருளும் தானாக வந்துவிடும்.

தடுப்பூசி எந்த வகை வைரஸிலிருந்து செய்யப்பட்டதோ அதையே ஏற்றினால் ஒத்தவகைத் தொற்றூட்டல். வேறு வகையை ஏற்றினால் வேற்றுவகைத் தொற்றூட்டல். "குரங்குகளில் வெற்றி" என்று தலைப்புச் செய்தி வந்தால், இவற்றில் எது என்று முதலில் தேடிப் பாருங்கள். முன்னது எளிது. வெளியே திரியும் எச்.ஐ.வி.யோ எண்ணற்ற வகைகளாகப் பிரிந்து கிடக்கிறது.