மனையை விற்பதற்கு முன்னால்

போன மாதம் ஓபியில் ஒரு மகன் அப்பாவின் எக்கோ ரிப்போர்ட்டோடு வந்தார். மாரடைப்பு வந்த அன்று கேஸ் என்று நினைத்து ராத்திரி முழுக்க ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு, விடிந்த பிறகுதான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இப்போது இதயத்தின் பம்பிங் அளவு 30 சதவீதம். "ஸ்டெம் செல் ஊசி போட்டா செத்த சதை திரும்ப வளருமாமே டாக்டர், பூந்தமல்லி மனையை வித்துடலாம்னு இருக்கோம்" என்றார். ஸ்டெம் செல் என்றால் வேறு வகை செல்களாக மாறி வளரக்கூடிய ஆரம்பநிலை செல்.

விற்காதீர்கள் என்றேன்.

இருபத்தைந்து வயதிலேயே வருடத்துக்கு சுமார் 1 சதவீத இதயத்தசை செல்கள்தான் புதிதாகின்றன. பெரிய மாரடைப்பில் நூறு கோடி செல்கள் வரை செத்துப்போகலாம். அந்த இடத்தில் வரும் தழும்பு துடிக்காது, போகப்போக மெலிந்து பலூன் மாதிரி இழுபட்டு, பக்கத்தில் இருக்கும் நல்ல தசைக்கும் பாரத்தை ஏற்றிவிடும். இந்த இடத்துக்கு முட்டுக்கொடுக்கத்தான் உயிரிப்பொருள்கள், அதாவது உடலுக்குள் வைப்பதற்கென்று தயாரிக்கும் பொருள்கள். நம் ராமநாதபுரம் கடற்கரையில் சேகரிக்கும் பழுப்புப் பாசியில் ஆல்ஜினேட் என்ற ஒரு பொருள் இருக்கிறது, அதை ஜெல்லாக்கி இதயத்துக்குள் செலுத்திப் பார்த்தார்கள். மிருகங்களில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சுமார் 300 நோயாளிகளிடம் செய்து 2016ல் வெளியான ஆய்வில், இதயம் விரிவதை அது தடுக்கவில்லை. பன்றி இதயத்திலிருந்து செல்களை எல்லாம் கழுவி நீக்கி, மிச்சமிருக்கும் சட்டகத்தை ஜெல்லாக்கும் முறை அமெரிக்காவில் 15 பேரிடம் முதல் கட்டமாகச் சோதிக்கப்பட்டது. ஜெர்மனியில் கொலாஜன் என்ற புரதத்துக்குள் இதயத்தசை செல்களை வளர்த்து, இதயத்தின் மேல் ஒட்டாகத் தைக்கிறார்கள், எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது இதுதான், ஆனால் அதுவும் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. தோல் புண்ணில் ஒட்டுகிற கொலாஜன் படலம் அசையாமல் கிடக்கும், இதயமோ ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கும். ஒட்டு கிழியக்கூடாது, பழைய தசையோடு சேர்ந்து ஒரே தாளத்தில் துடிக்கவும் வேண்டும், இல்லையென்றால் துடிப்பே தடுமாறிவிடும்.

சரி, காசு வாங்கிக்கொண்டு போடும் ஊசி? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி இதய நோய்க்கு ஸ்டெம் செல் என்பது ஆய்வாக மட்டுமே நடக்கலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள், இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். எண் சொல்லாமல் அட்வான்ஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த மகனிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, பாதி மாத்திரையை அப்பா ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். தலைசுற்றலாம். அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பித்திருக்கிறோம், மூன்று மாதம் கழித்து அடுத்த எக்கோ.