ஆட்டுக்குட்டியிடம் திக்காதவன் கண்டக்டரிடம் ஏன் திக்குகிறான்?

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து எங்களிடம் பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது: "ஆட்டுக்குட்டிகிட்ட நல்லாப் பேசறான், பாட்டும் பாடறான். வாத்தியார் கேட்டா மட்டும் திக்கறான். வேணும்னே பண்றானுங்களா?"

இல்லை. இடத்துக்கு இடம் மாறுவதுதான் திக்குவாயின் இயல்பு. நாக்கில் கோளாறு என்றால் ஆட்டுக்குட்டியிடமும் குழற வேண்டுமே! மூச்சு, குரல்வளை, நாக்கு, உதடு எல்லாம் நொடியின் சிறு பகுதிக்குள் ஒன்றுசேர வேண்டும். அந்த நேரக்கணக்கைப் பார்க்கும் மூளைப் பாதைகள் திக்குபவர்களிடம் சற்று வேறுபட்டு இயங்குகின்றன. சுமை ஏறினால் கணக்கு பிசகும், குறைந்தால் சரியாகும்.

பாட்டில் தாளம் அந்தக் கணக்கை வெளியிலிருந்து தந்துவிடுகிறது, உயிரொலிகளும் நீளுகின்றன. வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது பக்கத்துக் குரல்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆட்டுக்குட்டியோ அவசரப்படுத்தாது, முகம் சுளிக்காது.

பொள்ளாச்சியில் பஸ் ஏறி "கொழிஞ்சாம்பாறை" என்று டிக்கெட் கேட்பதைப் பாருங்கள். திக்கல் அதிகம் வருவது பேச்சின் தொடக்கத்தில். இங்கே பேச்சே அந்த ஒரு சொல்தான், அதுவும் நீளமான சொல். அதற்கு மாற்றுச் சொல் கிடையாது. கண்டக்டருக்கு அவசரம், பின்னால் ஆட்கள். சொந்தப் பெயரைச் சொல்லும்போது அடைத்துக்கொள்வதற்கும் காரணம் இதே. சிலர் எளிதாக வாயில் வரும் அடுத்த ஊருக்கே டிக்கெட் வாங்கிவிடுவார்கள். பார்ப்பவருக்குத் திக்கல் தெரியாது. உள்ளே பயம் மட்டும் வளரும். அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

வீட்டில் தமிழ், வெளியே மலையாளம் என்பதால் திக்குவாய் வருவதில்லை. இரண்டிலும் திக்கலாம், பழக்கம் குறைந்த மொழியில் கூடுதலாகத் தெரியலாம். அதற்காக ஒரு மொழியை நிறுத்த வேண்டாம்.

வசம்பு தேய்த்துச் சரியானது என்பார்கள். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும் திக்கல், சில வாரம் அடங்கிச் சில வாரம் கூடும். குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தானாகவே நின்றும்விடும். அடங்கிய வாரத்தில் தேய்த்த வசம்புக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. ஆனால் 6 மாதம் தாண்டியும் நீடித்தால், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், பேசும்போது கண்ணை இறுக்கினால், காத்திருக்காதீர்கள்.

எங்களிடம் வரும் அன்று பிள்ளை சரளமாகப் பேசிவிடலாம். அதனால் வீட்டில், கடையில், போனில் என்று மூன்று இடங்களில் ஐந்தைந்து நிமிடம் வீடியோ எடுத்து வாருங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு பஸ் பயிற்சி இப்படி: 'கொ'வில் அடைத்தால் முட்டித் தள்ளக் கூடாது. அப்படியே நிறுத்தி, பின்நாக்கின் இறுக்கத்தைத் தளர்த்தி, அண்ணத்தை லேசாகத் தொட்டு, 'ஒ'வை இழுத்துச் சொல்லை முடிக்க வேண்டும். முதலில் வீட்டில் அம்மாவே கண்டக்டர், பிறகு கூட்டமில்லாத மத்தியான பஸ், கடைசியில் காலை நெரிசல். ஒரு படி பழகாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

"மெதுவாப் பேசு, மூச்சு விடு" என்று சொல்வது இன்னொரு சுமைதான். வாத்தியார்களிடம் கேட்பது: வரிசையாக வாசிக்கச் சொன்னால் இவன் முறை வரும்வரை பயம் ஏறிக்கொண்டே போகும். முதலிலேயே கூப்பிடுங்கள், அல்லது இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க விடுங்கள். அடைத்து நிற்கும் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். அவனே முடிக்கட்டும்.