விட்டம் எத்தனை என்று மட்டும் கேட்டு டைவ் வாட்ச் வாங்காதீர்கள்

"அண்ணா, செயின்ல ரெண்டு கண்ணி மட்டும் எடுத்துக் குடுங்க, கொஞ்சம் லூசா இருக்கு."

இப்படித்தான் என்னிடம் வருகிறார்கள். பெட்டியைத் திறந்தால் பல லட்ச ரூபாய் டைவ் வாட்ச், அதாவது கடலில் மூழ்குகிறவர்களுக்கான கைக்கடிகாரம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாரோ வாங்கி வந்தது. கையில் வைத்துப் பார்த்தால் லூஸ் என்பது பிரச்சினையே இல்லை. வாட்ச்சின் மேல்நுனியும் கீழ்நுனியும் மணிக்கட்டின் இரண்டு ஓரத்தையும் தாண்டி நிற்கின்றன. செயின் அங்கிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. தோலுக்கும் செயினுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற சந்து. கண்ணியை எடுத்தால் இறுகும், சந்து போகாது. கழற்றக்கூடிய கண்ணிகள் எல்லாம் தீர்ந்த பிறகும் ஆடுகிற கைகள் உண்டு. அந்த நிலையில், விற்றுவிட்டு வேறு வாங்குங்கள் என்பதைத் தவிரச் சொல்ல எதுவும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால்தான் இந்தக் கட்டுரை.

வாங்குவதற்கு முன் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "என் கைக்கு 42 கரெக்டா இருக்கும்னு வீடியோல சொன்னாங்க."

இந்த 42-ஐத்தான் முதலில் ஒழிக்க வேண்டும்.

அது வாட்ச் உடலின் விட்டம், மில்லிமீட்டரில். 3 மணிப் பக்கத்திலிருந்து 9 மணிப் பக்கம் வரை, சாவியை (நேரம் திருத்தத் திருகுகிற பக்கவாட்டுக் குமிழை) விட்டுவிட்டு அளப்பது. வாட்ச்சைக் கட்டிக்கொண்டு கையை நீட்டிப் பாருங்கள். 3-க்கும் 9-க்கும் நடுவிலான கோடு உங்கள் முன்கையின் நீளவாக்கில் கிடக்கிறது. அந்தத் திசையில் இடத்துக்கு என்ன பஞ்சம்? முழங்கை வரை இடம்தான். இடம் போதாமல் போவது குறுக்கே, 12 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில். செயினைப் பிடித்திருக்கும் நான்கு கால்கள் இருக்கின்றனவே, அவற்றை லக் என்போம். மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனி வரையான நீளம்தான் உங்கள் மணிக்கட்டில் உட்காரப் போகிற அளவு. அதைக் கேட்டுக்கொண்டு வருகிறவர் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை.

டாக்ஸா சப் 300 வாட்ச்சின் விட்டம் 42.5 மி.மீ. நுனிக்கு நுனி நீளம் 45 மி.மீ. அளவில்தான். டியூடர் பிளாக் பே 58-இன் விட்டம் 39. நுனிக்கு நுனி 48-ஐ ஒட்டி வருகிறது. விட்டத்தை மட்டும் பார்க்கிறவர் டாக்ஸாவைப் பெரிது என்று ஒதுக்கிவிட்டு, குறுக்கே மூன்று மி.மீ. நீளமானதை 'சின்ன வாட்ச்' என்று வாங்கிப் போவார். இன்னொரு கூட்டம் சீகோ டர்ட்டில் கட்டிப் பழகியது. அதன் விட்டம் ஏறக்குறைய 45, ஆனால் லக்குகள் குட்டை, நுனிக்கு நுனி 48-க்குள் அடங்கிவிடும். 'எனக்கு 45 நன்றாகவே உட்காருகிறது' என்ற தைரியத்தில் 45 மி.மீ. பிளாங்பேன் ஃபிஃப்டி ஃபேதம்ஸுக்குத் தாவுகிறார்கள். அதன் நீளம் 50-ஐத் தாண்டும், தடிமனும் அதிகம். இப்போது அதிலேயே 42 மி.மீ. வகை வருகிறது, அதைக் கையில் வைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2020-இல் ரோலெக்ஸ் சப்மரீனர் 40-இலிருந்து 41 ஆனபோது நடந்த ஒப்பாரியை மறக்க முடியாது. 'ஐயோ, பெரிசாக்கிட்டான்!' உண்மையில் புதியதில் லக்குகளை மெலிய வைத்து, செயின் நுழையும் அகலத்தை 20-இலிருந்து 21 ஆக்கினார்கள். முந்தைய 40-இன் தடித்த லக்குகளோடு பக்கத்தில் வைத்தால் 41 தான் ஒடிசலாகத் தெரியும். ஒரு மி.மீ. எண்ணைப் பார்த்துப் பயந்து, பழையதைக் கூடுதல் விலைக்குத் தேடி வாங்கியவர்களும் உண்டு.

சரி, வாட்ச்சின் நீளம் தெரிந்தது. கையின் அளவு? தையற்கடை டேப்பால் சுற்றி அளந்து '16.5 செ.மீ.' என்பார்கள். இதுவும் பாதிக் கணக்குதான். 16.5 செ.மீ. சுற்றளவுள்ள கை உருண்டையாக இருந்தால் அதன் அகலம் 52, 53 மி.மீ. தான். அதே சுற்றளவில் தட்டையான கை 60 மி.மீ. அகலம், 44 மி.மீ. கனம் என்றும் இருக்கலாம். உருண்டைக் கையில் 48 மி.மீ. நீள வாட்ச் கூரைமேல் வைத்த பலகைபோல் நிற்கும். தட்டைக் கையில் அதே வாட்ச் அடக்கமாகப் படுத்துவிடும். டேப்பில் இரண்டும் ஒன்றுதான்.

அதனால் அகலத்தை அளங்கள். கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டு எலும்பைத் தாண்டி, வழக்கமாக வாட்ச் கட்டுகிற இடத்தில் ஒரு ஸ்கேலைக் குறுக்காக வையுங்கள். ஸ்கேல் கையோடு ஒட்டிக் கிடக்கிற பகுதி எத்தனை மி.மீ. என்று பாருங்கள். அந்தத் தட்டையான பகுதிக்குள் லக் நுனிகள் அடங்கினால் நிம்மதி. இரண்டு பக்கமும் ஓரிரு மி.மீ. சரிவில் இறங்கினாலும், லக் கீழ்நோக்கி வளைந்திருந்தால் பாதகமில்லை. கையின் முழு அகலத்தையே தொட்டால் கண்டிப்பாக வேண்டாம். காலையில் அளக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு மாலையில் கை வீங்கியிருக்கும், அப்போது அளங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை. வாட்ச்சின் நுனிக்கு நுனி நீளத்துக்கும் லக் அகலத்துக்கும் (செயின் நுழையும் அகலம்) சரியாக ஒரு கெட்டி அட்டையை வெட்டி, மணிக்கட்டில் வைத்து, கண்ணாடி முன் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கைப்பேசியை மணிக்கட்டுக்கு அரை அடியில் பிடித்து எடுக்கிற படத்தை நம்பவே நம்பாதீர்கள். கிட்டே இருப்பதை அந்த லென்ஸ் ஊதிக் காட்டும், 39-ஐக்கூடத் தாம்பாளமாக்கிவிடும். விற்பனை விளம்பரங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு, தடித்த கையில் கட்டிச் சிறிதாகக் காட்டுவார்கள்.

ஒரு தொழில் ரகசியம்: செயினின் முதல் துண்டைக் கவனியுங்கள், லக்குகளுக்கு நடுவே செருகியிருப்பது. சில வாட்ச்களில் அது லக் நுனியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, மடங்காமல் விறைத்து நிற்கும். அப்படியானால் உங்கள் கைக்கு அந்த வாட்ச்சின் உண்மையான நீளம், சொல்லப்பட்டதைவிட சில மி.மீ. அதிகம். அதே வாட்ச்சை ரப்பர் வாரில் போட்டால் திடீரென்று பொருந்தும். 'செயின்ல பெரிசா இருக்கு, ரப்பர்ல சின்னதா இருக்கு, எப்படிண்ணா?' என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

தடிமன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாட்ச் தாங்க வேண்டிய நீராழம் கூடக் கூடக் கண்ணாடியும் பின்மூடியும் தடிக்கும். பிளாக் பே 58 (200 மீட்டர்) 12 மி.மீ.க்குள், ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300 சுமார் 13.5, 600 மீட்டருக்கான பிளானட் ஓஷனின் 43.5 மி.மீ. வகை 16-ஐ ஒட்டி. ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேசத் தரம் டைவ் வாட்ச்சுக்குக் கேட்கும் குறைந்தபட்ச ஆழமே 100 மீட்டர்தான். பொழுதுபோக்காக ஸ்கூபா (காற்று உருளையோடு மூழ்குவது) செய்பவர்களுக்கு எல்லை 40 மீட்டர். மெரினாவில் கால் நனைக்கிறவருக்கு 600 மீட்டர் எதற்கு? முழுக்கைச் சட்டை போட்டு அலுவலகம் போகிறவராக இருந்தால் 13-க்கு மேல் போகாதீர்கள், கஃப் ஏறாது. பின்மூடி எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். புடைத்த பின்மூடி வாட்ச்சையே மேடையேற்றி நிறுத்தும்.

இனி எடை. இங்கே வேறொரு மூடநம்பிக்கை: கனமாக இருந்தால்தான் ஒரிஜினல். பவுன் கணக்கில் எடைபோட்டே வளர்ந்த நமக்கு இது ரத்தத்தில் ஊறியது. போலி செய்கிறவனும் ஸ்டீலில்தான் செய்கிறான், அவன் ஸ்டீலும் அதே கனம்தான். ஒரு கன செ.மீ. ஸ்டீல் 8 கிராம், டைட்டானியம் நாலரைக்குக் கிட்டே, 18 காரட் தங்கம் 15-க்கு மேல். கனம் சொல்வது உலோகத்தின் பெயரை. தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. டைட்டானியத்தில் வரும் டியூடர் பெலகோஸ் 39-ஐக் கையில் வாங்கிவிட்டு 'பிளாஸ்டிக் மாதிரி இருக்கே' என்று திருப்பி வைக்கிறவர்களே, நாள் முழுக்கக் கட்டிய பிறகு சொல்லுங்கள். செயினோடு சேர்த்து அது 110 கிராமுக்குள். சப்மரீனர் ஸ்டீலில் சுமார் 155. சீமாஸ்டர் டைவர் 300 ஸ்டீல் செயினில், கண்ணி எடுப்பதற்கு முன் 200-ஐ நெருங்கும்.

155 கிராம் என்றால் எவ்வளவு? பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.7 கிராம். இருபது நாணயங்களை ஒரு துணியில் முடிந்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வீட்டு வேலை பாருங்கள். (கடைக்காரர் வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்த நாணயங்கள் எல்லா வீட்டிலும் இருக்கும், இதற்காவது உதவட்டும்.) தட்டச்சு செய்யுங்கள், குழந்தையைத் தூக்குங்கள், வண்டி ஓட்டுங்கள். தோள் வரை தெரிந்தால் உங்களுக்கு 120 கிராமுக்குள் பார்ப்பது நல்லது.

மொத்த எடையைவிட முக்கியம், அது எங்கே இருக்கிறது என்பது. ஸ்டீல் செயினில் எடை கையைச் சுற்றிப் பகிர்ந்திருக்கும், கீழே உள்ள கிளாஸ்ப் (செயினைப் பூட்டும் கொக்கி) மேலே உள்ள தலைக்கு, அதாவது வாட்ச் உடலுக்கு, எதிர் எடையாக நிற்கும். அதே கனமான தலையை மெல்லிய துணி வாரில் போட்டால் மொத்த எடை குறைந்தும் தொல்லை கூடும். தலை மட்டும் கனத்து, நடக்கும்போது வெளிப்பக்கம் சாய்ந்து சரியும். சரியாமல் இருக்க வாரை இறுக்குவீர்கள், மாலையில் கை வீங்கும், தோலில் பள்ளம் விழும். விரல் மரத்துப்போகிறது என்று சொல்பவர்கள் முதலில் வாரை ஒரு துளை தளர்த்திப் பாருங்கள். 15 மி.மீ. தடித்த ஸ்டீல் தலைக்கு மெல்லிய வார் வேண்டவே வேண்டாம், தடித்த ரப்பர் போடுங்கள்.

வீக்கத்துக்குத் தீர்வு கிளாஸ்ப்பில் இருக்கிறது. வாங்கும்போது இதைக் கேட்காமல் வந்துவிடாதீர்கள். சப்மரீனரின் கிளைடுலாக் எந்தக் கருவியும் இல்லாமல் 2 மி.மீ. படிகளில் மொத்தம் சுமார் 20 மி.மீ. நீளும். டியூடரின் டி-ஃபிட் ஐந்து நிலைகளில் 8 மி.மீ. தரும். இந்த வசதி இல்லாத செயின் நம் தட்பவெப்பத்தில் காலையில் ஆடும், மாலையில் கடிக்கும். ஆனால் 15.5 செ.மீ.க்குக் கீழே சுற்றளவுள்ள கைகளுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த கிளாஸ்ப்கள் நீளமானவை, வளையாதவை. உள்ளங்கைப் பக்கம் அதுவே பலகையாக நிற்கும். அவர்கள் பிளாக் பே 54 போன்ற 37 மி.மீ. வாட்ச்சிலிருந்து தேடலைத் தொடங்கட்டும்.

கடைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காட்சிக்கு வைத்திருக்கும் வாட்ச்சில் செயின் முழு நீளத்தில் இருக்கும், தொளதொளவென்று தொங்கும். தொங்குகிற வாட்ச் கனமாகவும் பெரிதாகவும் தெரியும். தயங்காமல் கிளாஸ்ப்பை மூடி, மிச்சச் செயினைக் கைக்கு அடியில் இன்னொரு கையால் சேர்த்துப் பிடியுங்கள். அதன் பிறகு பாருங்கள். வண்டியின் கிளச்சைப் பிடிப்பதுபோல் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்குங்கள். சாவி புறங்கையில் குத்துகிறதா? குத்தினால் அது பழகிப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குத்துகிற இடத்தில் தழும்புதான் பழகும்.

மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுகிற மாமனார்களே, மோதிரத்துக்கு விரல் அளவு கேட்டு வாங்குகிறீர்கள் அல்லவா? மணிக்கட்டின் அகலத்தையும் கேளுங்கள். அதில் என்ன வெட்கம்?

முடிவு செய்யாமல் பிளாஸ்டிக் தாளை உரிக்காதீர்கள், கண்ணியைக் கழற்றாதீர்கள். உரித்ததை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. ரோலெக்ஸ், டியூடர் கண்ணிகளில் இருப்பது திருகு. சுத்தியலால் தட்டி எடுக்கிற பின் என்று நினைத்துத் தெருமுனைக் கடையில் கொடுத்தால் திருகின் தலை சிதைந்து வரும். அளவு பொருந்தாத திருப்புளியும் அதே வேலையைச் செய்யும். எடுக்கும்போது ஒரே பக்கத்தில் எல்லாக் கண்ணியையும் எடுக்கச் சொல்லாதீர்கள். கிளாஸ்ப் கைக்கு அடியில் நடுவே வர வேண்டும், அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் எத்தனை என்று தீர்மானிப்பது. கழற்றிய கண்ணிகளையும் அவற்றின் திருகுகளையும் ஒரு சின்ன உறையில் போட்டு வாட்ச் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நாளைக்கு உடம்பு கொஞ்சம் பூசினாலும் அவை வேண்டும், விற்கப் போனாலும் வாங்குகிறவர் முதலில் எண்ணிப் பார்ப்பது அவற்றைத்தான்.