ரவிவர்மா படத்துக்குக் கண்ணாடி போடும் முன்

தாத்தா வீட்டுக் கூடத்தில் இருந்த லட்சுமியையும் சரஸ்வதியையும் பரணிலிருந்து இறக்கித் தங்கள் வீட்டு ஹாலில் மாட்ட இப்போது பலர் ஆசைப்படுகிறார்கள். பழைய காகிதப் படங்களைச் செப்பனிடுவது என் தொழில் என்பதால் எனக்கு இதில் மிகுந்த சந்தோஷம். கவலையும் உண்டு. பழைய சட்டத்துக்குள் மூன்று தலைமுறை தாக்குப்பிடித்த படம், புது பிரேம் போட்ட சில வருஷங்களிலேயே பாழாகி என் மேசைக்கு வருகிறது. பூச்சியையும் ஈரத்தையும் குறை சொல்வோம்; கெடுதலைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் பிரேம்தான்.

இந்தப் படங்கள் எப்படி உருவானவை என்று தெரிந்தால் காரணம் விளங்கும். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாய் காட்கோபரில் லித்தோ அச்சகம் தொடங்கினார். சுண்ணாம்புக் கல்லில் உருவத்தை வரைந்து, நிறத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி, அதே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். லட்சுமியின் கன்னத்தில் தெரியும் அந்த மென்மை பல கற்கள் சேர்ந்து தந்தது. எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு வர பல படங்களுக்கு மேலே வார்னிஷும் பூசினார்கள். கண்ணாடியைப் படத்தின் மேல் நேராக அழுத்தி வைத்தால், மழைக்கால ஈரத்தில் இந்த வார்னிஷும் மையும் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் 'மவுண்ட் வேண்டுமா?' என்று கேட்பார்கள்; படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் அட்டை அது. அழகுக்குத்தானே என்று வேண்டாம் என்றுவிடாதீர்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று இருக்க இடம் தருவது அந்த அட்டைதான். ஜரிகைத் துணியும் சம்கியும் வைத்து அலங்கரித்த படமாக இருந்தால் மவுண்ட் மட்டும் போதாது, உள்ளே ஆழமான பெட்டி பிரேம் வேண்டும். அந்தச் சம்கி மங்கிவிட்டதென்று பிய்த்துவிட்டுப் புதிது ஒட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஏதோ ஒரு வீட்டுப் பெண் பொறுமையாக உட்கார்ந்து தைத்ததாக இருக்கும் அது.

பின்பக்கத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பழைய படம் ஒன்றைத் திருப்பிக் கழற்றினால், தாளில் பழுப்புக் கோடுகள் நேர்கோடாக ஓடியிருக்கும். பின்னால் அடித்த பலகைகளின் இடைவெளி எங்கெங்கே இருந்ததோ, அதே இடங்களில்! மரத்தின் அமிலமும் வெளிக்காற்றும் அந்தச் சந்து வழியாகத் தாளைத் தின்ற தடம் அது. பிளைவுட்டும் ஹார்ட்போர்டும் அதே வேலையைச் செய்யும். அமிலமில்லாத அட்டை என்று கேட்டு வாங்கி, படத்தைத் தொடும் எல்லா இடத்திலும் அதையே வைக்கச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும். வெளிச்சட்டத்தில் தேக்குக்குப் பதிலாகச் சாதாரண மரம் போட்டு அந்தப் பணத்தை இங்கே செலவழியுங்கள். படத்தை அட்டையில் பசை தடவி முழுக்க ஒட்ட விடவே கூடாது. செல்லோ டேப்பும் கூடாது. மைதாப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து.

எனக்கு மனம் மிகவும் வலிப்பது ஓரத்தை வெட்டும்போது. பிரேம் அளவுக்குப் பொருந்தவில்லை என்று கீழ்விளிம்பைக் கத்தரித்துவிடுகிறார்கள். படத்தின் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருப்பது அங்கேதான். அச்சகம் 1899-இல் லோனாவாலா பக்கம் மளவ்லிக்கு இடம் மாறியது. அதனால் ஓரத்தில் 'பம்பாய்' என்றிருக்கிறதா, 'கார்லா - லோனாவாலா' என்றிருக்கிறதா என்பதை வைத்தே படத்தின் வயதை ஓரளவு சொல்லலாம். வெட்டிவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று. படத்துக்கு ஏற்ப பிரேமைச் செய்யச் சொல்லுங்கள்.

புதுப் பிரதி வாங்கி மாட்டுவதிலும் குறைவொன்றுமில்லை. ரவிவர்மா 1906-இல் மறைந்ததால் அவர் ஓவியங்களுக்குக் காப்புரிமை இப்போது கிடையாது, யாரும் அச்சிடலாம். தரம் ஏறுக்குமாறாக இருப்பதும் அதனால்தான். கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன ஃபைலை இழுத்துப் பெரிதாக்கியதா என்று தெரிய, அன்னத்தோடு பேசும் தமயந்தியின் கண்ணையும் புடவைக் கரையையும் அருகில் போய்ப் பாருங்கள். அவை கலங்கலாக இருந்தால் வாங்காதீர்கள். நிறமி மையில் அச்சிட்டதா என்றும் கேளுங்கள். சாய மை சீக்கிரம் வெளுக்கும்.

மாட்டும் இடத்தில் நேர் வெயில் படக்கூடாது. ஜன்னலோரக் காலண்டர் சாமிகள் சிவப்பும் மஞ்சளும் போய் நீலமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அருங்காட்சியகங்களில் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சம்தான் கணக்கு. வீட்டில் அது முடியாது, ஆனால் படத்துக்கு மேலேயே ஃபோகஸ் லைட் போடாமல் இருக்கலாம். குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். பிரேமின் கீழ் இரு மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். பொட்டு வைக்கும் வழக்கமிருந்தால் கண்ணாடியின் நடுப்பகுதியில் வையுங்கள். துடைக்கும்போது தண்ணீரைக் கண்ணாடி மேல் தெளிக்காமல் துணியை நனைத்துத் துடையுங்கள்; தெளித்த தண்ணீர் கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கித் தாளை நனைத்துவிடும்.

ஏற்கெனவே படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கத்தியை நுழைக்காதீர்கள், நீராவி காட்டாதீர்கள், இழுத்தும் பார்க்காதீர்கள். முகம்தான் முதலில் பிய்யும். கண்ணாடியோடு அப்படியே, படம் மேலே பார்த்திருக்கப் படுக்கவைத்து, காகிதம் செப்பனிடுபவரிடம் கொண்டுபோங்கள்.