வெண்புள்ளி மறைந்த பிறகுதான் ஆபத்து

கடல்நீர் மீன்தொட்டிக்குப் புதிதாக வாங்கிவந்த கோமாளி மீனின் உடலில், உப்பைத் தூவிவிட்டதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சில நாள்களில் அவை காணாமல் போகும். நோய் தீர்ந்தது என்று பலர் நிம்மதியடைவது இந்தக் கட்டத்தில்தான். தொட்டி முழுவதும் நோய் பரவத் தொடங்குவதும் இதே கட்டத்தில்தான்.

புள்ளிக்குள் இருப்பது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. மீனின் மேல்தோலுக்கு அடியிலும் செவுளிலும் புகுந்து, மூன்று முதல் ஏழு நாள் வரை திசுவைத் தின்று பருக்கிறது. பிறகு, பெரும்பாலும் இருட்டில், மீனை விட்டு இறங்குகிறது. மணல், பாறை, கண்ணாடி என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. சில கூடுகள் மூன்று நாளிலேயே திறக்கும்; 72 நாள் வரை திறக்காமல் கிடந்தவையும் உண்டு. வெளிவரும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், கிடைக்காவிட்டால் இறந்துவிடும்.

தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் ஒட்டுண்ணியை, இந்த நோய்க்குத் தண்ணீரில் கலக்கும் தாமிர மருந்து எட்டாது. நீந்தித் திரியும் அந்தக் குறுகிய நேரத்தில் மட்டுமே கொல்லும். அதனால்தான் ஒரு நாள் மருந்து போட்டுப் பயனில்லை. வேறு சேர்மத்தோடு பிணைக்கப்படாத அயனித் தாமிரமாக இருந்தால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, சுமார் ஒரு மாதம், குறையாமல் இருக்க வேண்டும். அளவு குறைந்தால் குஞ்சுகள் தப்பிவிடும். கூடினால் மீனே சாகும். தாமிரத்தை அளக்கும் கருவி கையில் இல்லாமல் மருந்துப் புட்டியைத் திறக்கவே கூடாது.

புது மீனைத் தனிமைப்படுத்தும் தொட்டி வெறுமையாக இருப்பதற்கும் இதுவே காரணம். சுண்ணாம்புச் சத்துள்ள மணலும் பவளப் பாறையும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; மருந்தின் அளவு நிலைக்காது. எனவே அடித்தளம் வெறும் கண்ணாடி, ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஒரு ஹீட்டர், தெர்மாமீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் துள்ளி விழாதபடி மூடி. இவ்வளவு போதும். பார்க்க அழகாக இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் பாறையும் மணலும் இல்லாத தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் வாழ இடமும் குறைவு. கடல்நீரின் காரத்தன்மையில், அந்தக் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நஞ்சு இன்னும் கடுமையாகும். தனிமைத் தொட்டியில் நோயைவிட அமோனியாவுக்கே பலியாகும் மீன்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. நோயில்லாத தொட்டியில் சில வாரம் முன்பே ஸ்பாஞ்சைப் போட்டு, பாக்டீரியா படியவிட்டு எடுத்துவைத்தால் இதைத் தவிர்க்கலாம். அவசரத்துக்கு அமோனியா நீக்கியை ஊற்றும் பழக்கம் இங்கே ஆபத்தானது: அவற்றில் சில, தாமிரத்தை மேலும் நஞ்சாக்கிவிடும். தண்ணீரை மாற்றுவதே பாதுகாப்பு. புதுத் தண்ணீரிலும் அதே அளவு மருந்து கலந்திருக்க வேண்டும்.

பவளம், நத்தை, இறால் ஆகியவற்றுக்கு இந்த நோய் வராது. தாமிரம் பட்டால் அவை இறந்துவிடும். இருந்தாலும் நத்தையின் ஓட்டிலும் பவளத்தின் அடிக்கல்லிலும் ஒட்டுண்ணியின் கூடு ஒட்டிவரலாம். மருந்தே இல்லாத, மீனே இல்லாத வேறொரு தொட்டியில் அவற்றை 76 நாள் வைத்திருந்தால், தாமதமாகத் திறக்கும் கூட்டின் குஞ்சுக்கும் மீன் கிடைக்காமல் போகும். வலையும் வாளியும் தொட்டிக்குத் தொட்டி தனித்தனியாக இருக்கட்டும். அதற்கு வழியில்லையென்றால், அடுத்த தொட்டியில் வைக்கும் முன் அவற்றை நன்றாகக் காயவிடுங்கள்.