‘ப்ரைடு’க்கும் ‘கிபுரு’க்கும் தமிழ் என்ன?

“பெண் நன்றாகப் படிக்கிறாள், எங்களுக்கெல்லாம் பெருமையாக இருக்கிறது.” “பெருமை பிடித்தவன், எதிரே வந்தால்கூட ஏறெடுத்துப் பார்க்க மாட்டான்.” இரண்டிலும் ஒரே சொல்தான். முதலில் வாழ்த்து, அடுத்ததில் வசை. பேச்சில் இதனால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. குரலும் முகமும் சொல்லிவிடும். எழுத்தில், அதிலும் மொழிபெயர்ப்பில்தான் இடிக்கிறது. ஆங்கிலத்தின் ப்ரைடு, அரபியின் கிபுர் இரண்டுக்கும் நாம் முதலில் கைநீட்டி எடுப்பது இந்தப் ‘பெருமை’யைத்தான். “பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார்” என்பது விவிலியத் தமிழ். “அணுவளவு பெருமை உள்ளவன் சொர்க்கம் புகமாட்டான்” என்பது ஜும்மா பயானில், அதாவது பள்ளிவாசலின் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில், அடிக்கடி கேட்கும் நபிமொழி. அன்றைய செய்தித்தாளைப் பிரித்தால், மாவட்டத்துக்குப் பெருமை சேர்த்த மாணவி சிரித்துக்கொண்டிருப்பாள். பாவமும் பாராட்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகின்றன.

முதலில் ப்ரைடு. இதற்கு மூலம் ப்ரௌடு என்ற அடைமொழி. அது 11ஆம் நூற்றாண்டை ஒட்டிப் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் அதன் பொருள் வீரம் மிக்க, தீரமான என்பது. அதற்கும் பின்னால் இருக்கும் பிற்கால இலத்தீன் சொல்லுக்குப் பொருள் ‘பயன் தருவது’. போர்த்திறனைக் குறிக்கும் ப்ரௌவெஸ் இதன் உடன்பிறப்பு. சரி, வீரனைப் புகழும் சொல் எப்படித் தலைக்கனத்தைச் சொல்லத் தொடங்கியது? பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன் வீரர்கள் தங்களைத் தாங்களே அப்படி அழைத்துக்கொண்டார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்கு அது வேறுமாதிரி தெரிந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. உறுதியாக நிறுவ முடியாத விளக்கம்தான், ஆனாலும் நம்பத் தோன்றுகிறது. தன்னைத்தானே வீரன் என்று சொல்லிக்கொள்பவனை அடிபட்டவன் வேறு எப்படிப் பார்ப்பான்?

அந்தப் பழைய பிரெஞ்சுப் பொருளுக்கு நம்மிடம் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: பெருமிதம். தொல்காப்பியர் எண்ணிச் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அது ஒன்று. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கிலிருந்து பெருமிதம் பிறக்கும் என்பது அவர் கணக்கு. தறுகண் என்றால் அஞ்சாமை. ஆகவே ‘ஐ ஆம் ப்ரௌடு ஆஃப் யூ’ என்று ஒரு தாய் சொன்னால் அதற்குப் பெருமிதம் நேராகப் பொருந்தும். ‘அமைச்சர் பெருமிதம்’ என்று நாளேடுகள் நாள் தவறாமல் தலைப்பு போடுவதால் அந்தச் சொல் கொஞ்சம் தேய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தால் வள்ளுவர் விடமாட்டார். “பெருமை பெருமிதம் இன்மை சிறுமை பெருமிதம் ஊர்ந்து விடல்” (979) என்கிறார். இங்கே பெருமிதம் என்பது செருக்கு. அது இல்லாமல் இருப்பதே பெருமை, அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்வது சிறுமை. அதே வள்ளுவர் வேறோர் இடத்தில், “செருக்கும் சினமும் சிறுமையும் இல்லார் பெருக்கம் பெருமித நீர்த்து” (431) என்று பெருமிதத்தை மேன்மையாக்கிவிடுகிறார். செருக்கும் அப்படித்தான். “யான் எனது என்னும் செருக்கு” (346) அறுத்தெறிய வேண்டியது. “உள்ளம் இலாதவர் எய்தார் உலகத்து வள்ளியம் என்னும் செருக்கு” (598) என்னும்போதோ, ‘நாங்கள் கொடுப்பவர்கள்’ என்ற அந்தச் செருக்கு ஊக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே வாய்ப்பது. ஆக, சொல் கட்சி மாறுவது ஆங்கிலத்துக்கு மட்டுமான நோய் அல்ல. இன்றைய வழக்கில் பெருமிதம் நல்ல பக்கத்திலும் செருக்கு கெட்ட பக்கத்திலும் நிலைத்துவிட்டன. எழுதுகிறவர் அந்த வழக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இனி அரபி. அங்கே இந்தக் குடும்பம் பெரியது, ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. கிபுர் என்பதன் வேர் க-ப-ர, பெரிதாக இருத்தல். கபீர் என்றால் பெரியவன், அக்பர் மிகப் பெரியவன். தக்பீர் என்பது ‘அல்லாஹு அக்பர்’ என்று சொல்வது. இதே வேரில் தகப்புர் என்றால் தன்னைப் பெரிதாக்கிக் காட்டுவது. ‘பெரு’விலிருந்து பெருமை வந்ததும் இதே தடம்தான்; அதனால்தான் கிபுருக்குப் பெருமை என்ற மொழிபெயர்ப்பு அவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்துகொண்டது. அல்-முதகப்பிர் என்பது இறைவனின் திருப்பெயர்களில் ஒன்று. அதை ‘பெருமைக்குரியவன்’ என்று சொன்னால் சரியாக இருக்கிறது. அதே சொல்லை மனிதனுக்குச் சூட்டினால் அது குற்றச்சாட்டு. ஆதமுக்குப் பணிய மறுத்த இப்லீஸை (சைத்தானை)ப் பற்றிக் குர்ஆன் சொல்லும் வினையும் இந்த வேரிலிருந்து வந்ததே. ‘நான் நெருப்பு, அவன் களிமண்’ என்பதுதான் அவன் எடுத்துவைத்த வாதம்.

அணுவளவு பெருமை பற்றிய அந்த நபிமொழியைப் பாதியில் நிறுத்திவிடாமல் கடைசிவரை படித்தால் மொழிபெயர்ப்புச் சிக்கலும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், “ஒருவருக்குத் தம் உடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது, அதுவுமா?” என்று கேட்கிறார். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்பது பதில். தொடர்ந்து கிபுருக்கு வரையறை வருகிறது: உண்மையை ஏற்க மறுப்பது, மக்களை இழிவாகப் பார்ப்பது. இந்த வரையறையை வைத்துக்கொண்டு, மகள் பரிசு வாங்கியதற்கு மகிழும் தந்தையையும் அதே ‘பெருமை’யில் சேர்ப்பது நியாயமா? கிபுருக்குச் செருக்கு அல்லது ஆணவம் என்று எழுதினால் கேட்பவர் குழம்ப மாட்டார். பழகிய சொல்லை விடமுடியாது என்பவர்கள் ‘பெருமையடித்தல்’ என்று வினையாகவாவது எழுதலாம். அடித்தல் சேர்ந்ததுமே வாழ்த்து போய்விடுகிறது.

உஜுப் இன்னொன்று. அஜப் என்றால் வியப்பு. உஜுப், தன்னைத் தானே பார்த்து வியந்துகொள்வது. கிபுருக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், தாழ்த்துவதற்கு. உஜுப் தனி அறையிலும் வரும், கண்ணாடி போதும். இதற்குத் தமிழ்ச்சொல் தேட வேண்டிய வேலையே இல்லை. “வியவற்க எஞ்ஞான்றும் தன்னை” (439), “தன்னை வியந்தான் விரைந்து கெடும்” (474). வேர்ச்சொல் வரை அதே பார்வை. தன்வியப்பு என்று எழுதலாம், அல்லது ‘தன்னை வியத்தல்’ என்று குறளின் தொடரையே எடுத்துக்கொள்ளலாம்.

ஃபக்ர் ஓரளவு கௌரவமான சொல். பக்ருதீன் என்ற பெயரில் இருப்பது அதுதான்: மார்க்கத்தின் பெருமை. பழைய அரபுக் கவிதையில் ஃபக்ர் தனி வகை. தன்னையும் தன் குலத்தையும் வாயாரப் புகழ்ந்துகொள்ளும் பாட்டு. “குதிரையும் இரவும் பாலையும் என்னை அறியும், வாளும் ஈட்டியும் தாளும் எழுதுகோலும் அறியும்” என்று 10ஆம் நூற்றாண்டுக் கவிஞர் முதனப்பி, தன்னைப் புரந்த அலெப்போ அரசர் சைஃபுத் தௌலாவின் முன் பாடினார். இதைத் தற்பெருமை என்று மொழிபெயர்த்தால் கவிதை செத்துவிடும். நம் புறத்திணையில் வீரன் தன்னை உயர்த்திச் சொல்லும் பேச்சுக்கு நெடுமொழி என்று பெயர். ஃபக்ருக்கு அதுவே தகும். இலக்கண நூலான நன்னூலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நான்கு இடங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில், அவையில் வாதம் வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது. இன்றைய வேலை விண்ணப்பங்கள் முதல் விலக்கிலேயே அடங்கிவிடும்.

குர்ஆனின் லுக்மான் அத்தியாயத்தில் செருக்கைக் கண்டித்து ஓர் அறிவுரை வருகிறது, பொதுவாக ‘மக்களிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே’ என்று மொழிபெயர்ப்பார்கள். அங்கே உள்ள வினைச்சொல்லுக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் ஸஅர் என்ற ஒட்டக நோய். அது கண்ட ஒட்டகத்தின் கழுத்து ஒருபக்கமாகக் கோணிக்கொள்ளும். ஆள் வருவது தெரிந்தே கன்னத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்பவரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

குரூர் என்ற சொல்லால் ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. உருதுவில் அதற்குச் செருக்கு என்று பொருள். நம் கர்வத்தோடு ஒலி ஒத்துப்போவதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைப்பதுண்டு. இல்லை. கர்வம் வடமொழி. அரபியின் குரூருக்கு அடிப்படைப் பொருள் ஏமாறுதல், மயங்குதல்.

அரபியிலிருந்து நிஜமாகவே நம் தெருவுக்கு வந்து சேர்ந்த சொல் தவுலத்து. “ரொம்பத் தவுலத்தா பேசுறான்” என்று சென்னையில் கேட்கலாம். மூலம் தௌலா: முதலில் சுற்று, முறை என்ற பொருள். 750இல் ஆட்சியைப் பிடித்த கலீஃபா வம்சமான அப்பாசியர்கள் ‘இது எங்கள் முறை’ என்ற பொருளில் அதைப் பயன்படுத்த, பிறகு அரசகுலம், அரசு என்று விரிந்தது. முதனப்பியின் புரவலர் பெயரிலும், பிளாசியில் 1757இல் தோற்ற வங்காள நவாப் சிராஜுத் தௌலாவின் பெயரிலும் இருப்பது அதுவே. மலேசியத் தமிழர்கள் மாமன்னரை வாழ்த்தும் ‘டௌலாட் துவாங்கு’விலும் அதே சொல்லைக் கேட்கிறார்கள். பாரசீகம், உருது வழியே செல்வம் என்ற பொருள் சேர்ந்தது. தௌலதாபாத் அப்படி வந்த பெயர். செல்வம் தமிழ்ப் பேச்சில் பகட்டாகி, பகட்டு கடைசியில் திமிராகிவிட்டது.

ஆங்கிலத்தில் மீதமிருப்பவற்றில் ஆரகன்ஸ் என்பது இலத்தீனில் தனக்கு உரியதல்லாததை உரிமை கோருவது. இறுமாப்பு, ஆணவம் இரண்டும் ஒத்துவரும். ஹாட்டி என்பது உயரம் என்ற பொருளில் பிறந்தது. அதற்கு விவிலியத் தமிழில் ‘மனமேட்டிமை’ என்ற அருமையான சொல் இருக்கிறது, மேட்டில் நிற்கும் மனம். அகந்தையும் மமதையும் வடமொழியில் ‘நான்’, ‘என்னுடையது’ என்பவற்றிலிருந்து பிறந்தவை. வள்ளுவரின் ‘யான் எனது’ அப்படியே. ஆணவம்தான் விசித்திரம். அது அணுவிலிருந்து வந்தது. சைவ சித்தாந்தத்தில் உயிரைச் சிறுத்துப்போகச் செய்யும் மலம், அதாவது அழுக்கு, ஆணவம். அரபி பெரிதாவதைச் சொல்ல, இது சிறிதாவதைச் சொல்கிறது. பேச்சுத் தமிழோ உடம்பை விட்டு நகர்வதே இல்லை: கொழுப்பு, தலைக்கனம், திமிர். திமிர் என்றால் மரத்துப்போதல், திமிர்வாதம் என்பதில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. தலைக்கனத்தை நாமே ‘ஹெட்வெயிட்’ என்று ஆங்கிலமாக்கியும் வைத்திருக்கிறோம். ஆங்கிலேயருக்கு அது விளங்காது.

ஒரே ஓர் இடத்தில் ப்ரைடுக்குப் பெருமிதமும் போதாது. தன்பாலீர்ப்பினரும் திருநரும் உள்ளிட்ட பால், பாலினச் சிறுபான்மையினர் சென்னையில் 2009 முதல் நடத்திவரும் ‘ப்ரைடு’ ஊர்வலத்துக்குத் தமிழில் வானவில் சுயமரியாதைப் பேரணி என்று பெயர். வெட்கப்படு என்று சொல்லப்பட்டவர்கள் வெட்கப்பட மறுப்பதுதான் அங்கே ப்ரைடு. அந்தப் பொருள் பெருமையிலும் இல்லை, பெருமிதத்திலும் இல்லை. 1925இல் ஓர் இயக்கத்துக்குப் பெயரான சொல்லை எடுத்து அங்கே வைத்தவர்கள் அகராதியைப் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் மிகச் சரியாக வைத்திருக்கிறார்கள்.